மலைக்குளிரில் பழ ஈயின் கடிகாரம் பிந்துமா?

கேள்வி: ஹட்டனில் உயர்தர உயிரியல் படிக்கிறேன். பாடசாலைச் செயற்றிட்டத்துக்காகப் போத்தலில் பழ ஈ வளர்க்கிறேன். ஈயின் உடற்கடிகாரத்தை ஓட்டுவது நொதியங்கள் என்று வாசித்தேன். குளிரில் நொதியம் மெதுவாகத்தானே வேலை செய்யும்? அப்படியென்றால் இங்கே ஈயின் நாள் 24 மணித்தியாலத்தைவிட நீண்டுவிடுமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாமா?

பதில்: நீளாது, தங்கச்சி. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஈயின் மற்ற வேலைகள் எல்லாம் குளிரில் பிந்தத்தான் செய்கின்றன. 25 பாகை செல்சியசில் முட்டை ஈயாக ஏறக்குறைய 10 நாள் போதும்; 18 பாகையில் கிட்டத்தட்ட இரு மடங்கு நாள் பிடிக்கும். கடிகாரம் மட்டும் இரண்டிலும் 24 மணித்தியாலத்தை ஒட்டியே சுற்றும். கூட்டுப்புழுவிலிருந்து ஈக்கள் வெளிவரும் நேரத்தை வைத்து கொலின் பிட்டென்ட்ரிக் 1954இலேயே இதைக் காட்டிவிட்டார்.

பீரியட் என்ற புரதம் மாலையிலிருந்து கலத்தில் சேரும். டைம்லெஸ் என்ற துணைப் புரதத்துடன் இரவில் கலத்தின் கருவுக்குள் போய், தன்னை உண்டாக்கும் பரம்பரை அலகையே அடக்கும். விடிந்து அது சிதைந்து தீர்ந்தால்தான் அடுத்த சுற்று தொடங்கும். எப்போது சிதைவது என்பதைத் தீர்மானிப்பவைதான் நொதியங்கள். டபிள்டைம் என்ற கைனேஸ் வகை நொதியம் பீரியட்டின் மேல் பொஸ்பேற்று என்ற சிறு இரசாயனக் கூட்டங்களை ஒட்டுகிறது, பொஸ்பட்டேஸ் என்ற நொதியங்கள் அவற்றைக் கழற்றுகின்றன. குறிப்பிட்ட ஓர் இடத்தில் பொஸ்பேற்று ஏறிவிட்டால் ஸ்லிம்ப் என்ற புரதம் வந்து பிடிக்கும், பீரியட்டின் கதை அத்துடன் முடிந்தது.

டபிள்டைம் வேகமானால் நாள் குறையும் என்றுதான் இதுவரை படித்தவர் நினைப்பார். அங்கேதான் சிக்கல். பீரியட்டின் வேறோர் இடத்தில் நெமோ என்ற கைனேஸ் தொடக்கிவைக்க, டபிள்டைமும் சேர்ந்து ஒட்டும் பொஸ்பேற்று, சிதைவைத் தாமதப்படுத்துகிறது. ஒரே நொதியம் தள்ளவும் செய்கிறது, இழுத்துப் பிடிக்கவும் செய்கிறது! வெப்பம் ஏறினால் இரண்டும் வேகமாகி ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். நம் உடலிலும் உள்ள இதன் உறவுக்கார நொதியமான கேசீன் கைனேஸ் 1, தனியே பிரித்தெடுத்துச் சோதித்தபோதும் வெப்பத்துக்கு அவ்வளவாக அசையவில்லை.

1971இல் ரொனால்ட் கொனொப்காவும் சீமோர் பென்சரும் கண்டுபிடித்த விகாரிகளை (பரம்பரை அலகு மாறிப்போன ஈக்களை) உங்கள் அறிக்கையில் கட்டாயம் சேருங்கள். ஒன்றின் நாள் 19 மணித்தியாலம், இன்னொன்றினது 28, மூன்றாவதற்குத் தாளமே இல்லை. மூன்றும் ஒரே பரம்பரை அலகின் கோளாறு. 19 மணி ஈயில் பழுதாகியிருப்பது அந்தத் தாமதப்படுத்தும் இடம். 28 மணி ஈயோ ஈடுகட்டலை இழந்தது. வெப்பத்தில் வைத்தால் அதன் நாள் இன்னும் நீளும், குறையாது.

சரி, சோதனைக்கு வருவோம். தனி ஈயைக் கவனிக்க வேண்டாம், வெளிவருவதை எண்ணுங்கள். முதிர்ந்த கூட்டுப்புழு விடியும்வரை காத்திருந்தே வெளிவரும். அந்த விடியலைத் தவறவிட்டது பெரும்பாலும் அடுத்த விடியலுக்குத்தான் வரும். புதிதாக வந்ததை அடையாளம் காண்பது சுலபம்: வெளிறிய உடல், கசங்கிய சிறகு, வயிற்றில் ஒரு கரும்புள்ளி.

முட்டையிட வெவ்வேறு நாட்களில் விட்ட போத்தல்களைச் சில நாள் 12 மணித்தியால வெளிச்சம், 12 மணித்தியால இருளில் வையுங்கள். அப்புறம் முழு இருளுக்கு மாற்றி, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை வந்த ஈக்களை வேறு போத்தலுக்குத் தட்டிவிட்டு எண்ணுங்கள். டோர்ச்சில் கடும் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஈக்கு அந்தச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. வெள்ளை வெளிச்சம் ஒரு கணம் பட்டாலும் கிரிப்டோகுரோம் என்ற ஒளியுணர் புரதம் டைம்லெஸ்ஸைச் சிதைக்கவைத்து, கடிகாரத்தைத் தள்ளிவைத்துவிடும்.

மலைநாட்டில் வெளிச்சத்தைவிடப் பெரிய தொல்லை பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம். சில பாகை ஏறி இறங்கினாலே ஈ அதைப் பிடித்துக்கொண்டு ஓடும். அடுப்படியில் வைத்த போத்தல் உங்கள் அம்மா அடுப்பு மூட்டும் நேரத்தைத்தான் காட்டும்! ரெஜிபோம் பெட்டிக்குள், நீர் நிரப்பிய போத்தல்களுக்கு நடுவில் வையுங்கள். உள்ளே ஒரு வெப்பமானியும் இருக்கட்டும். மற்றத் தொகுதிக்குப் பாடசாலை இன்கியூபேட்டரில் 25 பாகை கேளுங்கள். குளிர்த் தொகுதி 18க்குக் கீழே இறங்காமல் பாருங்கள், இல்லாவிட்டால் வளர்ச்சி மிகவும் இழுபடும். இரண்டு தொகுதியிலும் ஈக்கள் வரத் தொடங்கும் நாள் வெகுவாக மாறும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையிலான நேரம் மாறாது.

வெளிச்ச-இருள் சுற்றில் வளர்ந்த ஈக்களின் நடமாட்டத்தையும் பதிவு செய்தால் ஒன்று கவனியுங்கள். குளிரில் பகல் ஓய்வு சுருங்கி, மாலைச் சுறுசுறுப்பு முன்னேரத்திலேயே வந்துவிடும். அதைப் பார்த்து நாள் சுருங்கிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்; நாளின் நீளம் அதேதான், வேலை செய்யும் நேரம்தான் நகர்ந்திருக்கிறது.