டக்... டக்... டக்டக்டக்

கேள்வி: 1006-ல் வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம் இன்னும் எக்ஸ் கதிர் வீசுகிறதாமே. ஆயிரம் வருஷத்தில் ஆறிப்போயிருக்க வேண்டாமா? இதைக் கணினியில் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: உள்ளே வாயு இன்னும் சூடுதான். ஆனால் விளிம்பில் வரும் எக்ஸ் கதிர் சூட்டினால் வருவதல்ல, காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் வீசுவது. 1995-ல் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் இதைக் காட்டியது. அந்த எலக்ட்ரான்களின் ஆற்றல் 100 டெரா எலக்ட்ரான்வோல்ட் வரை போகிறது (டெரா என்றால் லட்சம் கோடி). ஜெனீவாவின் ராட்சதத் துகள்முடுக்கியான எல்எச்சி ஒரு புரோட்டானுக்குக் கொடுப்பது 7-ஐக்கூடத் தொடவில்லை.

இவ்வளவு ஆற்றல் எப்படிச் சேர்கிறது? பிங்பாங் பந்தை மேசையில் துள்ளவிட்டு, மட்டையை மேலிருந்து மெல்ல இறக்கிப் பாருங்கள். டக்... டக்... டக்டக்டக். (இதை அலுவலகத்தில் செய்துபார்த்து, பக்கத்து இருக்கைக்காரரின் டீயைக் கொட்டினேன்.) வெடிப்பின் அதிர்ச்சி அலைக்கு முன்னும் பின்னும் உள்ள காந்தப்புலச் சிடுக்குகள்தான் இங்கே மேசையும் மட்டையும். அலையைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் துகளுக்குக் கொஞ்சம் ஆற்றல் கூடும்; சில துகள்கள் பின்பக்கம் அடித்துச் செல்லப்பட்டு ஆட்டத்தை விட்டே போய்விடும். வரவு செலவு பார்த்தால், ஆற்றல் வரம்பைப் 10 மடங்கு உயர்த்தும்போது அதைத் தாண்டும் துகள்கள் பத்தில் ஒரு பங்காகக் குறையும். 1977, 78-ல் பலர் தனித்தனியே இதே விடைக்கு வந்தார்கள்.

சரி, கணினிக்கு வருவோம். அலையின் வேகம், வாயுவின் அடர்த்தி, காந்தப்புலம் என்று கொடுத்தால், ரேடியோ முதல் காமா வரை எவ்வளவு கதிர் வரும் என்று அது சொல்லும். தொலைநோக்கியில் கண்டதோடு ஒத்துப்போகும்வரை எண்களை மாற்றிப் போடுவார்கள். தலைவலியே காமாவில்தான். எலக்ட்ரான், விண்வெளி எங்கும் பரவியிருக்கும் மைக்ரோவேவ் ஒளியை மோதிக் காமாவாக்கும். புரோட்டான் வாயுவில் மோதினால் பையான் என்ற அற்பாயுள் துகள் பிறக்கும். அது சிதைந்தாலும் காமாதான். காந்தப்புலத்தைக் கூட்டிப் போட்டால் அதே எக்ஸ் கதிருக்குக் கொஞ்சம் எலக்ட்ரானே போதும். மிச்சக் காமாவைப் புரோட்டான் பேரில் எழுதிவிடலாம். குறைத்துப் போட்டால் எலக்ட்ரானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அதனால் கோடு அழகாகப் பொருந்தியது என்று யாராவது படம் காட்டினால், காந்தப்புலத்துக்கு என்ன எண் போட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

2013-ல் ஃபெர்மி செயற்கைக்கோள் ஐசி 443, டபிள்யூ 44 என்ற இரண்டு நட்சத்திர மிச்சங்களில் புரோட்டானின் கைரேகையைப் பிடித்தது: சுமார் 20 கோடி எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே காமா சட்டென்று சரிகிறது. பையான் சிதைந்தால்தான் இப்படி வரும். இரண்டுமே அடர்ந்த வாயு மேகத்தில் மோதிக்கொண்டிருப்பவை. நீங்கள் கேட்ட 1006 மிச்சத்தைச் சுற்றி வாயு ரொம்ப மெலிசு, புரோட்டானுக்கு மோத ஆள் குறைவு. அங்கே எலக்ட்ரான் கைதான் ஓங்கியிருக்கிறது என்பது என் கட்சி.