பிந்தி வரும் மெயிலுக்காகக் காத்திருத்தல்

நாளொன்றுக்குச் சில வண்டிகளே வந்துபோகும் திருகோணமலையில் இருந்துகொண்டு, புகையிரதங்களைப் படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஒன்பது ஆண்டுகளாக நான் அதைத்தான் செய்துவருகிறேன். கொழும்புக் கோட்டையில் நிற்பவர் ஒரு வண்டியைத் தவறவிட்டால் சற்று நேரத்தில் அடுத்தது வந்துவிடும். நமக்கு அந்த வசதி இல்லாததால், வண்டியைத் தேடுவதற்கு முன்பே வெளிச்சத்தைத் தேடப் பழகிவிடுகிறோம்.

நமது பாதை கல் ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக நகருக்கு வருகிறது. தம்பலகாமத்துக்குப் பிறகு அது ஏறத்தாழக் கிழக்கு நோக்கி ஓடுவதால், காலையில் நகருக்கு வரும் எஞ்சினின் முகத்தில் சூரியன் நேராக விழும். அதே வேளையில் நகரை விட்டுப் புறப்படும் வண்டியின் முகமோ நிழலுக்குள் போய்விடும். இந்தச் சிறு விடயம் விளங்க எனக்கு ஓராண்டு பிடித்தது. முதல் நாள் நான் பாதையின் தவறான பக்கத்தில் சூரியனைப் பார்த்தபடி நின்றேன். கிடைத்ததெல்லாம் ஒரு கரிய பெட்டியும் அதன் நடுவே வெளுத்துப்போன முன்விளக்கும்தான்.

கொழும்பிலிருந்து வரும் இரவு மெயில் எனப்படும் புகையிரதம் நேரத்துக்கு வந்தால் இருட்டிலேயே வந்து நின்றுவிடும், படத்துக்கு உதவாது. அது ஒரு மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் பிந்தினால்தான் தம்பலகாமத்து வயல்களைப் பொன்வெயிலில் கடக்கும். பயணிகள் அலுத்துக்கொள்ளும் தாமதத்தை நாட்டிலேயே விரும்பி எதிர்பார்ப்பவர்கள் எங்களைப் போன்ற சிலர்தான் என்று நினைக்கிறேன். தாமதத்துக்கு யானைகளும் ஒரு காரணம். ஹபரணைக்கு அருகே கல் ஓயாப் பகுதியில் 2025 பெப்ரவரியில் ஒரே விபத்தில் ஆறு யானைகள் இறந்தன என்பதை நினைத்தால், காட்டுப் பகுதியில் வண்டி மெதுவாக வருவதைப் பற்றி முறையிட எனக்கு மனம் வருவதில்லை. வரம்பில் மண்வெட்டியோடு நிற்கும் ஐயா ஒருவர் என்னைக் கண்டதும், "கோச்சி இன்னும் வரேல்ல தம்பி, இண்டைக்கு உமக்கு நல்ல வெளிச்சம்தான்" என்பார். அவர் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மாரி மழையில் வயலில் நீர் தேங்கும் நாட்களே ஆண்டின் சிறந்த நாட்கள். காற்று அடங்கிய காலையில் செம்பழுப்பு நிறப் பெட்டிகள் தலைகீழாக நீரில் தெரியும். வாசற்படியில் அமர்ந்து பல் துலக்கும் பயணிகூட அதில் தெரிவதுண்டு. கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நிலைமை வேறு. ஒன்பது மணிக்கே தண்டவாளத்தின் மேல் சூடு நெளியத் தொடங்குவதால், தொலைவில் இருந்து பெரிய லென்ஸால் எடுக்கும் படம் எவ்வளவு விலையுயர்ந்த கமராவாக இருந்தாலும் தெளிவாக வராது. அந்த மாதங்களில் நான் கிட்டவே நின்று எடுப்பேன்.

வேகத்தைப் பற்றிச் சொல்வதானால், மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் வண்டி ஒரு செக்கனின் 500இல் ஒரு பங்கு நேரத்துக்குள் 3 சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே உங்களுக்குக் குறுக்கே ஓடும் வண்டிக்குக் கமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/1000 செக்கனாக வைப்பது நல்லது. நேரே உங்களை நோக்கி வருவதற்கு 1/500 போதும். வண்டியோடு சேர்த்துக் கமராவைத் திருப்பி, பின்னணியை மங்கலாக்கி எடுக்க விரும்பினால் 1/60இல் முயலலாம். பத்தில் ஒன்று தேறினால் மகிழ்ச்சி.

எஞ்சின்களை அடையாளம் காணக் கற்றுக்கொண்டால் காத்திருப்பு அலுக்காது. கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தின் கீழ் 1950களில் கனடாவிலிருந்து வந்த எம் 2 வகை டீசல் எஞ்சின்களுக்கு ஆல்பர்ட்டா, ஒன்ராறியோ என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் இடப்பட்டுள்ளன. மொன்றியலில் கட்டப்பட்ட எம் 4 எனக்குப் பிடித்தது. அதன் நீண்ட மூக்கில் காலை வெயில் விழும் விதத்துக்காகவே அதற்காகக் காத்திருப்பேன்.

தண்டவாளத்தில் ஏறி நிற்க வேண்டாம்; வரம்பிலிருந்தே நல்ல படம் கிடைக்கும். சீனக்குடாவில் விமானப்படைத் தளம் இருப்பதால் அங்கே கமராவை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஒருமுறை காவலில் நின்ற ஒருவர் அழைத்து விசாரித்தபோது, திரையில் இருந்த எஞ்சின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினேன். ஐந்தாவது படத்தில் அவருக்கே அலுத்து, போகச் சொல்லிவிட்டார்.