கேள்வி-பதில்: ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயில்

கே: என் ஆட்டோமேட்டிக் கார் 90,000 கி.மீ. ஓடிவிட்டது. இப்போதெல்லாம் ரெண்டாவது கியர் விழும்போது உதைக்கிறது. கேட்டால், ‘லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்கிறது சர்வீஸ் சென்டர். (ஓசூர் வாசகர்)

ப: எனக்கு மகா எரிச்சல் தரும் பேச்சு இது. கியர்பாக்ஸ் ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. கிளட்ச்களை அழுத்திப் பிடிப்பதும் அதுதான், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். சூட்டில் வெந்து, கிளட்ச் தூளும் கலந்தால் எந்த ஆயிலும் கெடத்தான் செய்யும். பல கம்பெனி கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அதே கியர்பாக்ஸைப் பூட்டி விற்கும் கார் கம்பெனிகள் சில, ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்கின்றன. வாரண்டி முடிந்தபின் கியர்பாக்ஸ் போனால் பணம் கட்டப்போவது நீங்கள், அவர்கள் இல்லை.

நான் வாங்கிய ஒரு பழைய செடானையும் இதே வார்த்தை சொல்லித்தான் தலையில் கட்டினார்கள். டிரெயின் பிளக்கைக் கழற்றியதும் டிகாஷன் நிறத்தில் கருகல் வாடையோடு ஆயில் இறங்கியது. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிற மசி ஒட்டியிருப்பது சகஜம். ஆனால் இதில் விரலை உறுத்தும் இரும்புப் பிசிறுகள் இருந்தன. கியர்பாக்ஸைப் பிரித்துத்தான் சரிசெய்ய முடிந்தது.

உங்கள் கார் மேனுவலில் ‘கடும் உபயோகம்’ என்ற பகுதியைப் பாருங்கள். நெரிசலில் ஊர்வது, மலை ஏறுவது, பாரம் இழுப்பது எல்லாம் அதில் வரும். பல மேனுவல்களில் ஆயில் மாற்றும் கணக்கு அங்கேதான் இருக்கும். அதைக் காட்டி, மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள்.

கே: கியர் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம். அளவை எப்படிப் பார்ப்பது? (திருநெல்வேலி வாசகி)

ப: புதுக் கார்கள் பலவற்றில் அது கிடையாது. காரை மட்டமாகத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கார் கம்பெனி சொன்ன சூட்டுக்கு ஆயில் வந்துவிட்டதா என்று ஸ்கேனரில் பார்த்து, அடியில் உள்ள செக் பிளக்கைத் திறக்க வேண்டும். மெல்லிய இழையாக வழிந்து நின்றால் அளவு சரி. வீட்டு ஜாக்கியை வைத்துக்கொண்டு காருக்கு அடியில் போகாதீர்கள்.

டிப்ஸ்டிக் உள்ள காரென்றால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு, ‘பி’யில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே பார்ப்பதுதான் பொது வழக்கம். ஹோண்டா கார்களில் எஞ்சினை அணைத்த கையோடு பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் டிப்ஸ்டிக் குழாயிலேயே நீளப் புனல் வைத்துக் கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றுங்கள். அளவு மிஞ்சினால் நுரை கட்டி, கியர் வழுக்கும்.

கே: மாசம் ஒருதரம் கொஞ்சம் ஊற்றுகிறேன். பார்க்கிங்கில் சிவப்புச் சொட்டு விழுகிறது. இப்படியே ஓட்டலாமா? (சேலம் வாசகர்)

ப: கூடாது! இந்த ஆயில் எரிந்து குறைவதில்லை. குறைந்தால் ஒழுக்குதான். தரையில் கண்ணெதிரே சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே மாசாமாசம் கேன் வாங்குகிறீர்கள். ஒரு ஆயில் சீல் மாற்றுகிற வேலையை முழு கியர்பாக்ஸ் வேலையாக ஆக்கிவிடாமல் நாளைக்கே வண்டியை விடுங்கள்.

கே: கியர் ஆயில் மாற்றிய பில்லில் ஏழு லிட்டர் போட்டிருக்கிறார்கள். ஆயிலை முழுசாக மாற்றும் மெஷின் எதுவும் வைக்கவில்லை, பிளக்கைக் கழற்றி வடித்து ஊற்றியதோடு சரி. காலி கேன் கேட்டால் ‘தூக்கிப் போட்டாச்சு’ என்கிறார்கள். (ஈரோடு வாசகி)

ப: உங்கள் சந்தேகம் நியாயம்தான் அம்மா. அப்படி வடித்தால் பெரும்பாலான கார்களில் மூன்று, நாலு லிட்டர்தான் இறங்கும். மிச்சம், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் நின்றுவிடும். மேனுவலில் வடித்து ஊற்றும் அளவு தனியாக இருக்கும். அதைக் காட்டி, ஊற்றிய ஆயிலின் பெயரும் அளவும் கேட்டு எழுத்தில் கொடுங்கள். பில், ஜாப் கார்டு இரண்டையும் கைவிடாதீர்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசமும் உண்டு. அடுத்த தடவை கேனை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள்.

கே: என் கார் சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்). ‘எல்லாம் ஒரே சிவப்பு ஆயில்தான்’ என்று கடைக்காரர் சாதாரண ஏடிஎஃப் (கியர் வைத்த ஆட்டோமேட்டிக்குக்கான ஆயில்) கொடுத்தார். ஊற்றலாமா? (நாகர்கோவில் வாசகர்)

ப: ஊற்றாதீர்கள், திருப்பிக் கொடுங்கள்.