வழக்கு ஏறாமலே இறந்தவரை எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் ஆலயத்துக்கு நினைவு மலர் தயாரிக்கிறோம். எழுபதுகளில் எங்கள் மண்டோரை (தோட்ட வேலை மேற்பார்வையாளரை) வெட்டிக் கொன்றுவிட்டார்கள். போலீஸ் தேடிய இருவரில் ஒருவர் ரப்பர் காட்டில் இறந்து கிடந்தார். மற்றவர் லோக்காப்பில் (போலீஸ் நிலையத் தடுப்பறையில்) இறந்தார். வழக்கே நடக்கவில்லை. மூன்று குடும்பங்களும் இன்றும் இங்கேதான் இருக்கின்றன. அந்த இருவரை என்னவென்று எழுதுவது?
(சுங்கை சிப்புட் வாசகர்)

பதில்: ‘கொலைகாரர்கள்’ என்று எழுதக்கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது, அதனால்தான் கேட்கிறீர்கள். ‘குற்றம் சாட்டப்பட்டவர்கள்’ என்பதும் இங்கே தவறு. பலர் அதைப் பத்திரமான சொல் என்று நினைக்கிறார்கள். நம் மலேசியாவில் கொலைக் குற்றம் சாட்டுவது என்றால், தண்டனைச் சட்டம் 302-வது பிரிவின்கீழ் ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்திக் குற்றச்சாட்டை வாசிப்பது. குற்றம் சாட்டும் அதிகாரம் அரசியலமைப்பின் 145(3) பிரிவுப்படி சட்டத்துறைத் தலைவருடையது (அட்டர்னி ஜெனரல்), போலீசுடையது அல்ல. இவர்கள் விஷயத்தில் அந்தக் கட்டமே வரவில்லை. ஒருவர் போலீசாரால் தேடப்பட்டவர். மற்றவர் விசாரணைக்காகத் தடுத்து வைக்கப்பட்டவர். நடந்தது அவ்வளவுதான், எழுத வேண்டியதும் அவ்வளவுதான்.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. தமிழ் வாக்கியத்துக்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. ‘மண்டோரைக் கொன்றுவிட்டு ஓடியவர் காட்டில் இறந்து கிடந்தார்’ என்று எழுதினால், எந்த நீதிமன்றமும் சொல்லாத தீர்ப்பை ‘கொன்றுவிட்டு’ என்ற ஒரே எச்சம் சொல்லிவிடுகிறது. படிப்பவர் கண் ‘இறந்து கிடந்தார்’ என்ற செய்திக்குப் போய்விடும், கொலைப்பழி கேள்வி இல்லாமல் மனசில் உட்கார்ந்துவிடும். நீதிமன்றச் செய்தி எழுதிய காலத்தில் நானும் இப்படி ஒரு வாக்கியம் எழுதினேன். இறந்தவரின் அக்கா பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்து, “இதை யார் சொன்னது தம்பி?” என்று கேட்டார். காட்டுவதற்கு என்னிடம் ஒரு தாளும் இல்லை. அன்றிலிருந்து இறந்தவரைப் பற்றி எழுதும்போது வினையெச்சம், பெயரெச்சம் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்க்கிறேன்.

‘கூறப்படுகிறது’ என்று ஒட்டினால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். யார் கூறியது? போலீசா, அன்றைய பத்திரிகையா, லயத்துப் பேச்சா? ஆளைச் சொல்லி எழுதுங்கள். ‘தலைமறைவானார்’ என்பதையும் விட்டுவிடுங்கள். பயந்து போனவரும் காட்டுக்குள் போயிருக்கலாம். அப்புறம், மண்டோருக்கு ‘அவர்’, மற்ற இருவருக்கு ‘அவன்’ என்று பிரிக்காதீர்கள். மூவருக்கும் ‘அவர்’தான்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. 1948 டிசம்பரில், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், சிலாங்கூரின் பத்தாங் காலி ரப்பர் தோட்டத்தில் பிரிட்டிஷ் ராணுவம் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றது. தப்பியோட முயன்ற பயங்கரவாதிகள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். 1970-இல் அந்தப் படையில் இருந்த சிலரே அது உண்மையில்லை என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். குடும்பங்கள் 2015 வரை லண்டன் உச்ச நீதிமன்றத்தில் போராடியும் பொது விசாரணை கிடைக்கவில்லை. இறந்தவர் மீது ஒட்டிய பெயரை உரிக்க இருப்பவர்களுக்கு ஓர் ஆயுள் போதவில்லை.

அதற்காக ‘அப்பாவிகள்’, ‘பலியாடுகள்’ என்று மறுபக்கம் சாய்வதும் நியாயம் ஆகாது. அதற்கும் சான்று வேண்டும். மண்டோரின் பிள்ளைகளும் அந்தப் பக்கத்தைப் படிக்கப் போகிறார்கள்.

சட்டப்படி பார்த்தால், இறந்தவரின் பெயருக்காக வாரிசுகள் சிவில் மானநஷ்ட வழக்குப் போட முடியாது. ஆனால் தண்டனைச் சட்டம் 499-வது பிரிவின் முதல் விளக்கம், உறவினர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவர் மேல் பழி சொல்வதும் அவதூறாகலாம் என்கிறது.

லோக்காப்பில் இறந்தவர் பற்றி ஒரு வழி இருக்கிறது. காவலில் மரணம் நேர்ந்தால் மரண விசாரணை நடத்த வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 334-வது பிரிவு. அந்தப் பதிவு கிடைக்குமா என்று நீதிமன்றத்திலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் எழுதிக் கேளுங்கள். ஒன்று கவனம்: அந்த விசாரணை அவர் எப்படி இறந்தார் என்று சொல்லும். மண்டோரை அவர் கொன்றாரா என்பதற்கு அது தீர்ப்பு ஆகாது.

சரி, நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“மண்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார். இதன் தொடர்பில் போலீசார் இருவரைத் தேடினர். ஒருவர் ரப்பர் காட்டில் இறந்த நிலையில் காணப்பட்டார். மற்றவர் போலீஸ் காவலில் இருந்தபோது இறந்தார். இருவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை, வழக்கும் நடக்கவில்லை. மண்டோரைக் கொன்றது யார் என்று எந்த நீதிமன்றமும் தீர்மானிக்கவில்லை.”

இருவரின் பெயரைப் போட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. வீட்டு எண்ணும் அப்பா பெயரும் கட்டாயம் வேண்டாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தப் பத்தியை மூன்று வீட்டுக்கும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். மண்டோர் வீட்டுக்கு முதலில் போங்கள்.