மைவியா, சிட்டியா? பூச்சோங் தம்பிக்கு

தம்பி, திருச்சியிலிருந்து மலேசியாவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வேலை பெட்டாலிங் ஜெயாவில், வீடு பூச்சோங்கில், அடுத்த பள்ளி விடுமுறைக்குள் மனைவியும் பிள்ளையும் வந்துவிடுவார்கள், அதற்குள் ஒரு கார் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் மச்சான் "ஹோண்டா சிட்டி மாதிரி ஜப்பான் வண்டியை எடுங்க, மலேசிய வண்டியை நம்பாதீங்க" என்கிறார். அலுவலகத்தில் "மைவி வாங்கு, வேறு எதையும் யோசிக்காதே" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

அலுவலகத்தில் சொல்வதைக் கேளுங்கள். நான் மச்சான் மாதிரி ஆட்கள் பேச்சைக் கேட்டுப் பட்டவன்.

இந்த உள்ளூர் வண்டி, வெளிநாட்டு வண்டி என்ற பிரிவே இங்கே பாதிக்குமேல் பெயரளவுதான். மலேசிய நிறுவனமான பெரொடுவாவின் முதல் கார் 1994இல் வந்த கஞ்சில். மலாயில் கஞ்சில் என்றால் சருகுமான். பெயர்தான் மலேசியா, உடம்பு ஜப்பானின் டைஹட்சு மீரா. 2005இல் வந்த அதே பெரொடுவாவின் மைவியும் டைஹட்சு, டொயோட்டா உறவில் பிறந்ததுதான். மறுபக்கம், மச்சான் சொல்லும் ஹோண்டா சிட்டி மலாக்காவில் பெகோ என்ற இடத்திலும், டொயோட்டா வியோஸ் கிள்ளான் புக்கிட் ராஜாவிலும் பொருத்தப்படுகின்றன. இன்னொரு மலேசிய நிறுவனமான புரோட்டோனின் கதை இன்னும் வேடிக்கை. 1985இல் வந்த முதல் சாகா ஒரு மிட்சுபிஷி லான்சர். 2017இல் சீனாவின் ஜீலி 49.9 விழுக்காடு பங்கை வாங்கியது. அதன் பிறகு வந்த எக்ஸ்70, ஜீலியின் போயூ காரை அடிப்படையாகக் கொண்டது.

பழைய புரோட்டோன் என்றதும் இங்கே எல்லாரும் பவர் விண்டோ கிண்டலைத்தான் சொல்வார்கள். டோல் சாவடியில் கண்ணாடி இறங்காமல் கதவைத் திறந்து அட்டை நீட்டுகிற காட்சி. அது ஒரு காலம். இப்போது பழைய சாகா வாங்குவதானால் 2019க்குப் பிறகு வந்ததா என்று பாருங்கள். அந்த ஆண்டுதான் சிவிடி என்ற படியில்லாக் கியர்பாக்ஸை எடுத்துவிட்டு ஹூண்டாயின் 4 கியர் ஆட்டோமேட்டிக்கைப் போட்டார்கள். சாதுவான கியர்பாக்ஸ், வேகம் குறைவு, தொல்லையும் குறைவு.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2012இல் எனக்கும் ஓர் ஆசை வந்தது. ஏழு வயதான ஐரோப்பிய வண்டி ஒன்று, புது மைவி விலைக்கே கிடைத்தது. பெயர் வேண்டாம். கதவைச் சாத்தினால் வங்கிப் பெட்டகம் மாதிரி சத்தம் வரும்; அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன் என்று என் மனைவி இன்றுவரை சொல்வாள். பத்தாவது மாதம் பெந்தோங்கிலிருந்து திரும்பும்போது, காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில், மழையில், கியர் மாறாமல் நின்றுவிட்டது. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு கூடை துரியான். இழுவை வண்டி வர ஒன்றரை மணி நேரம். ஜன்னலையும் திறக்க முடியாத மழை, உள்ளே துரியான் வாடை.

செந்தூலில் எனக்குத் தெரிந்த போமனிடம் கொண்டுபோனேன். (இங்கே மெக்கானிக்கைப் போமன் என்பார்கள். பழகிக்கொள்ளுங்கள்.) சீனர், அறுபது வயது, தமிழ் நன்றாகப் பேசுவார். பானெட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார். "அண்ணே, கை வைக்கலாம். ஆனா சாமானுக்கு எங்கே போறது?" என்றார். கடைசியில் அந்த வண்டிகளை மட்டும் பார்க்கும் வேறொருவரிடம் போய், சாமான் வர மூன்று வாரம் காத்திருந்து, எட்டாயிரம் வெள்ளிக்குமேல் கட்டினேன். (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்பார்கள்.) அடுத்த ஆண்டு விற்கப் போனபோது, வாங்கிய விலையில் பாதிகூடத் தேறவில்லை.

பிறகு ஒரு பழைய மைவி. அதுவும் பழுதாகத்தான் செய்தது. பழுதே ஆகாத கார் இன்னும் வரவில்லை. ஒருநாள் வாட்டர் பம்ப் ஒழுகியது. அதே போமன் பக்கத்துக் கடைக்குப் பையனை அனுப்பினார். நான் மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வருவதற்குள் பம்ப் மாறியிருந்தது. நம்பகம் என்று நான் சொல்வது இதைத்தான். நிற்காத வண்டியைத் தேட வேண்டாம். நின்றால் எந்தத் தெருவில் நின்றாலும் யாராவது கை வைக்கக்கூடிய வண்டியைத் தேடுங்கள்.

அப்படியானால் சிட்டியும் வியோஸும் மோசமா? இல்லவே இல்லை. நல்ல வண்டிகள், போமன்களுக்கும் பழக்கமானவை. ஆனால் புது மைவி ஏறக்குறைய 50 ஆயிரம் வெள்ளி என்றால், சிட்டி 85 ஆயிரத்தை ஒட்டித்தான் தொடங்குகிறது. காருக்கான கலால் வரியே இங்கே 60இலிருந்து 105 விழுக்காடு வரை. இறக்குமதி வண்டிகள் ஊர் விலையைவிட ஏன் இப்படி எகிறுகின்றன என்று நீங்கள் கேட்டதற்குப் பெரும்பாலும் அதுதான் பதில். வேலை பெர்மிட்டே இரண்டு ஆண்டுக்கு இருப்பவர், அந்தக் கூடுதல் 35 ஆயிரத்துக்கு என்ன கணக்குச் சொல்வீர்கள்?

கடனிலும் கவனம். விற்பனையாளர் "3 விழுக்காடுதான்" என்பார். அது முழுக் கடனுக்கும் கடைசிவரை கணக்கிடும் நிலையான விகிதமா, கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டுமா என்று முதலில் கேளுங்கள். நிலையான விகிதம் என்றால் 45 ஆயிரம் கடனுக்கு 9 ஆண்டுக்கு வட்டி 12,150; மாதம் 529 வெள்ளி. ஐந்தாம் ஆண்டில் பாதி அடைத்த பிறகும் வட்டி முழு 45 ஆயிரத்துக்கே கணக்கு. என் முதல் கடனில் பெர்மிட் தேதியைப் பார்த்துத்தான் தவணைக் காலம் கொடுத்தார்கள், முன்பணமும் கூடக் கேட்டார்கள். உங்களுக்கும் அப்படி இருக்கலாம். முடிந்தால் ஐந்தாறு வயது மைவியோ, பெரொடுவாவின் இன்னொரு காரான பெஸாவோ ரொக்கத்துக்கு எடுங்கள். ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தாலும் ஒரே வாரத்தில் விற்றுவிடலாம்.

சாலை வரி இன்ஜின் அளவைப் பொறுத்தது. 1.3 லிட்டர் மைவிக்கு ஆண்டுக்கு 70 வெள்ளி, 1.5க்கு 90. 2 லிட்டருக்குப் போனால் 380ஐத் தொடும். பெட்ரோலும் நமக்கு வேறு விலை: 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து ரோன்95 லிட்டர் 1.99 என்பது மைகாட் என்ற அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்கு மட்டும். நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டைக்காரனான எனக்கே கிடையாது. பூச்சோங்கிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு எல்டிபி நெடுஞ்சாலையில் தினமும் ஊர்ந்து போகப்போகிறவருக்குச் சின்ன இன்ஜின்தான் லாபம்.

மைவிக்காரர்கள் ஓட்டும் விதத்தைப் பற்றி இங்கே ஆயிரம் கிண்டல் உண்டு. வாங்கியதும் நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவீர்கள், பரவாயில்லை.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது ஒன்று மட்டும் மறக்காதீர்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பக்கம் ஏராளமான கார்கள் மூழ்கின. அதன் பிறகும் ஆண்டுதோறும் எங்காவது வெள்ளம். கழுவித் துடைத்து மணமடித்து விற்கிறார்கள். நான்கு இருக்கைப் பட்டைகளையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சுருண்டிருக்கும் பகுதியில் மண் கோடு நிற்கும், அதை யாரும் கழுவுவதில்லை. ஸ்பேர் டயரைத் தூக்கி அந்தக் குழியிலும் விரலை விட்டுத் தடவுங்கள். புஸ்பாகோம் சோதனைச் சீட்டு இருக்கிறது என்று காட்டுவார்கள். அது பெயர் மாற்றத்துக்கான சோதனை. வண்டி இனி எத்தனை நாள் ஓடும் என்று அது சொல்லாது. காப்புறுதி எடுக்கும்போது வெள்ளத்துக்குத் தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், சாதாரணக் காப்புறுதியில் அது வராது.

போமனைக் கூட அழைத்துப் போவது நல்லது. ஞாயிறு கடை மூடிவிடுவார். சனிக்கிழமை காலை என்றால் ஐம்பது வெள்ளியும் ஒரு ரொட்டி சானாயும் போதும், வருவார்.