ஓடும்போது ஒன்றுமில்லை, சிக்னலில் நின்றால் மட்டும் பைக் இன்ஜின் சூடாகிறதே, ஏன்?

200 சிசி லிக்விட் கூல் பைக், ரோட்டில் போகும்போது எந்தப் பிரச்சினையும் இல்லை, சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் விளக்கு எரிகிறது, மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்குப் பிரிக்க விடாதீர்கள். முதலில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

இன்ஜின் சூட்டை வாங்கி வரும் கூலன்ட் திரவம் ரேடியேட்டரில்தான் ஆறுகிறது. வண்டி ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நின்றுவிட்டால் ஃபேன் மட்டும்தான் துணை. ஓட்டத்தில் சூடு சரியாக நிற்கிறது என்றால் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்து கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வு), ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. கேஸ்கெட் போயிருந்தால் மேம்பாலம் ஏறும்போதும் 80 கி.மீ. வேகத்தில் போகும்போதும் சூடு இன்னும் ஏறும். ரிசர்வ் டேங்கில் குமிழ் வரும், ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆகியிருக்கும். இதெல்லாம் இல்லையே?

எனக்கும் இதேதான் நடந்தது. மே மாத வெயில், ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலை நெரிசல், வடபழனி தாண்டுவதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெட் கேஸ்கெட் என்று சொல்லி ஒன்பதாயிரம் கேட்டார்கள். மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து சாயங்காலம் வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரும்பாலான பைக்குகளில் கூலன்ட் 95 முதல் 105 டிகிரிக்குள் வரும்போது ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். விளக்கே எரிந்துவிட்டது, ஃபேன் அசையவில்லை.

அணைத்து, ஆறவிட்டு, சாவியை எடுத்துவிட்டு இறக்கையை விரலால் சுற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் சுற்றியது. (சாவி ஆனில் இருக்கும்போது விரல் வைக்காதீர்கள், ஃபேன் சட்டென்று சுற்றிவிடும்.) ஃப்யூஸ் நன்றாக இருந்தது. ஃபேனுக்குப் போகும் இரண்டு ஒயர் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளக்) கழற்றினேன். ஒரு பின் முழுக்கப் பச்சை பிடித்து, செம்பே தெரியாமல் இருந்தது. வாட்டர் வாஷில் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து ஃபேனுக்கு நேராகக் கொடுத்ததும் விர்ரென்று சுற்றியது. மோட்டாரில் குறையில்லை, கனெக்‌ஷனில்தான் கோளாறு. மெல்லிய உப்புத்தாளால் பின்னைத் தேய்த்து மாட்டினேன். செலவு பத்து ரூபாய்.

உங்களுக்கும் நேராகக் கொடுத்தால் சுற்றுகிறது, வண்டியில் சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), சென்சார், ஒயர் இவற்றில் ஒன்று. அதே வண்டியில் அதே மாதிரி வேறு ரிலே இருந்தால் மாற்றி மாட்டிப் பாருங்கள். நேராகக் கொடுத்தும் சுற்றவில்லையா, மோட்டாரை மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: யாராவது ஃபேனின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். ஃபேன் ஓடும்போது ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு துண்டுப் பேப்பரைப் பிடியுங்கள். பேப்பர் உள்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும், வெளியே தள்ளக்கூடாது.

ஃபேன் ஒழுங்காகச் சுற்றியும் சூடு ஏறினால் கூலன்ட் மட்டத்தையும் ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரம் கொதித்துவிடும். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது, கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். ரேடியேட்டர் தகடுகளில் சேறு இருந்தால் பைப் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினால் போதும். பிரஷர் வாஷ் அடித்தால் தகடு மடங்கிவிடும்.

ஏர் கூல் வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அவற்றில் ஃபேனே கிடையாது. (ஸ்கூட்டரில் உண்டு.) நின்றபடி ஓடினால் சூடாவது அதன் இயல்பு, சிக்னலில் 30 விநாடிக்கு மேல் காட்டினால் அணைத்துவிடுங்கள். ஆனால் வழக்கத்தைவிடச் சூடு அதிகம், சூடானதும் ஐட்லிங் தானாக ஏறுகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்பட் என்று வெடிக்கிறது என்றால் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது. கார்ப்பரேட்டர் வண்டியில் பைலட் ஜெட் (ஐட்லிங்கில் பெட்ரோல் வரும் சிறு துளை) அடைப்பு, அல்லது கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் வெடிப்பு. ஆயில் மட்டத்தையும் வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள். எந்த வண்டியானாலும் சூடான இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அன்று கப்ளரை மாட்டிய பிறகு மறுபடி நியூட்ரலில் ஓடவிட்டேன். எட்டாவது நிமிடம் ஃபேன் சுற்றியது, இரண்டு நிமிடத்தில் தானாக நின்றது, கொஞ்ச நேரத்தில் திரும்பச் சுற்றியது. உங்கள் வண்டியும் இப்படி விட்டு விட்டுச் சுற்ற வேண்டும்.