அப்பாவோட டிவிக்கு எந்த ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கலாம்?

கேள்வி: கோத்தகிரில அப்பாவும் அம்மாவும் தனியா இருக்காங்க. அப்பாவுக்கு 76 வயசு, நெறைய பட்டன் இருந்தா தடுமாறுறார். டிவி பழசு, அதுல மாட்டி இன்டர்நெட் வழியா படம் பாக்குற ஸ்டிக்ல எதை வாங்கித் தரலாம்?
– வாசகி, கோவை

பதில்: மொதல்ல டிவி பின்னாடி ஹெச்டிஎம்ஐ போர்ட் (படமும் சத்தமும் சேர்ந்து போற சொருகுற இடம்) இருக்கான்னு பாருங்கம்மா, அது இல்லாம ஸ்டிக்கை நேரா மாட்ட முடியாது. அப்புறம் ரிமோட், இதுதான் ரொம்ப முக்கியம், டிவியோட பவரும் வால்யூமும் அதுலயே இருக்கணும், 2020ல வந்த அமேசானோட ஃபயர் டிவி ஸ்டிக் லைட் ரிமோட்டுல அது ரெண்டும் கிடையாது, பாவம் பெரியவங்க ரெண்டு ரிமோட்டை வச்சுக்கிட்டு அல்லாடுவாங்க, அதனால விலை கம்மின்னு அதை எடுக்காதீங்க. மைக் பட்டன் இருந்தா டைப் அடிக்கிற வேலை மிச்சம். மலையில பழைய கல்லு வீடுன்னா சுவர் தடிமனா இருக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாண்டி வர ரொம்ப திணறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல கனெக்ட் பண்ணுங்க. நீங்களே நேர்ல போய் தேவையில்லாத ஆப்பை எடுத்துட்டு, தெரியாம அமுக்கி காசு போகாம இருக்க பின் நம்பரும் போட்டுக் குடுங்க.